வறட்சியில் கிணறு ஏன் இறங்குகிறது, தண்ணீர் ஏன் கரிக்கிறது? திருநெல்வேலிச் சீமையின் நிலத்தடி நீர் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்குநேரி, இராதாபுரம், திசையன்விளை, களக்காடு, பாளையங்கோட்டை வட்டாரங்களில் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பியிருப்போர் ஒவ்வொரு கோடையிலும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தர முயன்றிருக்கிறேன். திருநெல்வேலிச் சீமை என்று நான் சொல்லும்போது 1986இல் பிரிந்த தூத்துக்குடியையும் 2019இல் பிரிந்த தென்காசியையும் சேர்த்தே சொல்கிறேன். பாறையும் ஊற்றும் மாவட்ட எல்லை பார்த்து ஓடுவதில்லை.

மழை பொய்த்த ஆண்டில் கிணறு ஓரளவு தாங்கிவிடுகிறது. அதற்கடுத்த கோடையில்தான் வற்றுகிறது. ஏன் இந்தத் தாமதம்?

வறட்சி மேலிருந்து கீழே படிப்படியாக இறங்குவதுதான் காரணம். முதலில் மழை குறைகிறது. பிறகு மேல்மண்ணின் ஈரம் போகிறது. பிறகு குளம் வற்றுகிறது. குளம் வற்றிச் சில மாதம் கழித்தே அதன் கீழ்ப்புறக் கிணறுகள் இறங்கத் தொடங்குகின்றன. வானிலைத் துறையின் கணக்கில் இயல்பான மழையில் 26 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் வறட்சி, 50 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் கடும் வறட்சி. கிணற்றுக்கு அந்தக் கணக்கு அன்றைக்கே தெரிவதில்லை.

2016ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கலாம். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவத்தில் தமிழகத்துக்கு இயல்பாகக் கிடைக்க வேண்டிய சுமார் 440 மில்லிமீட்டருக்குப் பதிலாக 168 மில்லிமீட்டரே பெய்தது. பற்றாக்குறை 62 விழுக்காடு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அரசு அறிவித்தது. ஆனால் பல ஊர்களில் கிணற்றின் அடிப்பாறை வெளியே தெரிந்தது அதற்குப் பின் வந்த சித்திரை, வைகாசியில்தான். மீள்வதும் இப்படியே தாமதமாகும். காய்ந்து கிடந்த மண் முதல் மழைகளைத் தானே குடித்துவிட்டு, மீதியைத்தான் கீழே விடும்.

தாமிரபரணி வற்றாத ஆறு அல்லவா? அது ஓடும் மாவட்டத்தில் நிலத்தடி நீர்ப் பஞ்சம் எப்படி வரும்?

வெளியூர்க்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. ஆறு வற்றாதிருக்கக் காரணம், பொதிகை மலையில் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவங்களும் பெய்வது. 143 அடி உயரக் கொள்ளளவு கொண்ட பாபநாசம் அணையும் 156 அடி சேர்வலாறு அணையும் ஆனி, ஆடிச் சாரலிலேயே நிரம்பத் தொடங்கும்; 118 அடி மணிமுத்தாறு அணை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையை எதிர்பார்க்கும். எட்டு அணைக்கட்டுகள் வழியே கார், பிசானம் என்று இரு போகம் காணும் சுமார் 86,000 ஏக்கர் நிலம் இந்த ஆற்றை நம்பியிருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் காலமெல்லாம் அந்த வயல்களின் அடியில் கசிவு இறங்கிக்கொண்டே இருப்பதால், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கத்துக் கிணறுகளில் கைக்கெட்டும் ஆழத்தில் தண்ணீர் நிற்பதைப் பார்க்கலாம்.

ஆற்றை விட்டுத் தெற்கே நகர்ந்தால் நிலமை வேறு. மலையின் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்த தென்மேற்குப் பருவக் காற்று, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வெறுங்காற்றாகவே நாங்குநேரி, இராதாபுரம் பக்கம் வந்து சேருகிறது. அந்தக் காற்றில்தான் பணகுடி, வடக்கன்குளம் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்கின்றன. அதே காற்றுதான் குளத்தில் மிச்சமிருக்கும் தண்ணீரையும் மண்ணின் ஈரத்தையும் ஆடி மாதம் முழுக்க உறிஞ்சுகிறது. ஆக, மற்ற ஊர்களில் வறட்சி என்றால் மழையின்மை மட்டும். இங்கே மழையின்மையோடு காற்றும் சேர்ந்துகொள்கிறது. இந்த வட்டாரத்துக்கு வந்து சேரும் மணிமுத்தாற்றுப் பிரதானக் கால்வாய், பேச்சிப்பாறையிலிருந்து வரும் இராதாபுரம் கால்வாய், நம்பியாறு, கொடுமுடியாறு, வடக்குப் பச்சையாறு அணைகள் எல்லாம் அணையில் மிச்சம் இருந்தால்தான் பேசும். பஞ்ச ஆண்டில் அவற்றின் கடைமடைக் குளங்கள்தான் முதலில் ஏமாறும்.

ஒரு நல்ல மழையில் கிணறு பத்தடி ஏறுகிறது. இரண்டே மாதத்தில் அத்தனையும் இறங்கிவிடுகிறது. தண்ணீர் எங்கே போகிறது?

எங்கேயும் போகவில்லை, நிலத்துக்குள் இருந்ததே அவ்வளவுதான். இந்தச் சீமையின் பெரும்பகுதி கடினப் பாறை நிலம். மேலே சில அடி மண், அதன் கீழே சரளும் சிதைந்த பாறையும், அதற்கும் கீழே வெடிப்புகள் ஓடும் கெட்டிப் பாறை. காவிரிக் கழிமுகத்தைப் போல ஆழமான மணற்படுகை இங்கே கிடையாது. சிதைந்த பாறையில் நூறு பங்கு எடுத்தால் நமக்கு வடிந்து கிடைக்கும் தண்ணீர் ஏறத்தாழ ஒன்று முதல் மூன்று பங்குதான்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்ப்பது நல்லது. ஓராண்டில் 600 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் பத்தில் ஒரு பங்கு பூமிக்குள் இறங்குவதாக வைத்துக்கொள்வோம்; கடினப் பாறை நிலத்துக்கு இது ஏறக்குறையப் பொருந்தும் அளவுதான். அப்படியென்றால் இறங்கியது 60 மில்லிமீட்டர். பாறையின் கொள்திறன் இரண்டு விழுக்காடு என்றால், அந்த 60 மில்லிமீட்டர் நீர்மட்டத்தை மூன்று மீட்டர், அதாவது பத்தடி உயர்த்தும். பார்ப்பவருக்குக் கிணறு பொங்கியதுபோல் தோன்றும். ஆனால் ஓர் ஏக்கருக்கு உள்ளே போனது சுமார் 2.4 லட்சம் லிட்டர் மட்டுமே.

இப்போது செலவுப் பக்கம். ஓர் ஏக்கர் வாழைக்குக் கிணற்றிலிருந்து ஆண்டு முழுதும் 1,200 மில்லிமீட்டர் அளவுக்குப் பாய்ச்சினால் அது சுமார் 48 லட்சம் லிட்டர். இருபது ஏக்கரில் இறங்கிய மழைநீரை ஓர் ஏக்கர் குடித்துவிடுகிறது. பாய்ச்சியதில் ஒரு பகுதி மண்ணுக்குள் திரும்பினாலும் கணக்கு பெரிதாக மாறாது. நல்ல மழை ஆண்டில் மற்ற பத்தொன்பது ஏக்கரும் தரிசாகவோ மானாவாரியாகவோ கிடந்தால் இது தாங்கும். பஞ்ச ஆண்டில் உள்ளே இறங்குவது பாதியாகிவிட, பாய்ச்சுவது மட்டும் வெயிலால் கூடுவதால், இரண்டு பக்கமும் சேர்ந்து இடிக்கும். களக்காட்டு வாழையை நான் குறை சொல்லவில்லை; அந்தக் கணக்கைக் கிணற்றைத் தோண்டும் முன்பே போட்டிருக்க வேண்டும் என்கிறேன்.

பக்கத்துத் தோட்டத்து போரில் தண்ணீர் வருகிறது. ஐம்பதடி தள்ளி நாங்கள் போட்டதில் புகைதான் வந்தது. ஏன்?

கெட்டிப் பாறையில் தண்ணீர் வெடிப்புகளில் மட்டுமே இருக்கிறது. துளை அந்த வெடிப்பைத் தொட்டால் ஊற்று, தொடாவிட்டால் வெறும் பாறைத்தூள். பாறையின் மின்தடையை அளந்து வெடிப்பை ஊகிக்கும் முறை உண்டு. அதுவும் ஊகமே என்றாலும், நீரோட்டம் பார்க்கக் கையில் பிடிக்கும் தேங்காயையும் வேப்பங்குச்சியையும் விடப் பல மடங்கு மேல்.

தண்ணீர் இறங்கினால் இன்னும் ஆழமாகப் போர் போட்டால் தீர்ந்துவிடாதா?

சில நாளைக்குத் தீரும். ஆனால் ஆழம் கூடக் கூடப் பாறையின் வெடிப்புகள் மேலிருக்கும் சுமையால் இறுகிக்கொண்டே போகின்றன. கீழே பெரிய கடல் ஒன்று காத்திருக்கிறது என்ற எண்ணம் இந்தப் பாறை நிலத்துக்குப் பொருந்தாது. அறுநூறு, எழுநூறு அடியில் கிடைக்கும் தண்ணீர் பெரும்பாலும் மேலிருந்து நீண்ட காலமாகக் கசிந்து சேர்ந்தது. அதை ஒரு கோடையில் இறைத்துவிட்டால், மறுபடி சேர ஒரு மழைக்காலம் போதாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆழத்துளை எடுக்கும் தண்ணீர் பல சமயம் அக்கம்பக்கத்துத் திறந்தவெளிக் கிணறுகளுக்கு வரவேண்டிய அதே ஊற்றுதான். கமலை கட்டி இறைத்த காலத்தில் மாடு களைத்தால் இறைப்பும் நின்றது. இரவில் ஊற்று ஊறிக் காலையில் மட்டம் ஏறியது. நீர்மூழ்கி மோட்டார் களைப்பதில்லை. 1990 முதல் விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரமும் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. சிறு விவசாயியைக் காத்த அந்தத் திட்டத்தை நிறுத்தச் சொல்லும் துணிவு எனக்கில்லை. ஆனால் இரவு முழுக்க ஓடும் மோட்டாருக்கும் மறுநாள் பக்கத்துக் கிணற்றில் வாளி தரைதட்டுவதற்கும் தொடர்பில்லை என்று சொல்லவும் முடியவில்லை. முடிவில், ஆழத்துளை போட வசதியுள்ளவர் தோட்டத்தில் தண்ணீரும், கிணற்றை மட்டும் நம்பியவர் வீட்டில் காலிக் குடமும் நிற்கும்.

பக்கவாட்டில் துளையிடும் சைடு போர் பற்றியும் கேட்கிறார்கள். சிதைந்த பாறை அடுக்கிலேயே அது வேலை செய்வதால், ஊறும் வேகத்தைக் கூட்டும். இல்லாத தண்ணீரை உண்டாக்காது. எனினும் எழுநூறு அடிக்கு இறங்குவதைவிட அது குறைந்த செலவு, குறைந்த தீங்கு.

வறட்சியில் தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது? பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை என்கிறார்களே?

மட்டமும் சுவையும் இரண்டு தனிச் சிக்கல்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். மழைநீரில் உப்பு மிகக் குறைவு. அது மண்ணிலும் பாறையிலும் இறங்கி நிற்கும் காலம் கூடக் கூட, கால்சியம், மக்னீசியம், சோடியம், குளோரைடு போன்றவற்றைக் கரைத்துக்கொள்கிறது. ஆண்டுதோறும் புதுத் தண்ணீர் இறங்கினால் பழைய உப்புத் தண்ணீர் நீர்த்து ஓடையிலும் ஆற்றிலும் வடிந்துபோகும். வறட்சியில் புதுத் தண்ணீர் வராததால் உப்பு நிற்கிறது. அது கரைந்திருக்கும் நீரின் அளவு மட்டும் குறைகிறது.

பாசனம் இதை இன்னும் வேகப்படுத்துகிறது. கிணற்றில் இறைத்துப் பாய்ச்சும் தண்ணீரில் பயிரும் வெயிலும் எடுப்பது தண்ணீரை மட்டுமே. உப்பு மண்ணில் தங்குகிறது. அடுத்த பாய்ச்சலில் அது கரைந்து மறுபடி கிணற்றுக்கே இறங்குகிறது. அதையே திரும்ப இறைக்கிறோம். ரசத்தை அடுப்பில் வைத்து மறந்துவிட்டால் உப்புக் கூடுவதுபோல, நாலைந்து கோடைகளில் நல்லதண்ணீராக இருந்தது சப்பென்று ஆகி, பிறகு கரிப்பாகிறது. கருநிலத்தில் இது விரைவாகவும், மழைநீரைச் சட்டென்று உள்ளே விடும் செவலிலும், தேரி எனப்படும் செம்மணல் மேட்டிலும் மெதுவாகவும் நடப்பதைக் கவனிக்கலாம். மேல் ஊற்று வற்றியதும் கிணற்றில் மிஞ்சுவது ஆழத்து வெடிப்பிலிருந்து கசியும் பழைய நீர் என்பதும் ஒரு காரணம்.

பருப்பு வேகாமைக்குக் காரணம் கடினத்தன்மை. நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் தோலிலுள்ள பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகின்றன. ஆகவே, ‘தண்ணி கடுத்துப் போச்சு’ என்று அடுக்களையில் சொல்வது வேதியியல்படியும் சரியே.

உவரி, கூடுதாழை, இடிந்தகரை பக்கம் கடல்நீர் உள்ளே வந்துவிட்டது என்கிறார்கள். கடல் எப்படிப் பூமிக்கு அடியில் நடந்து வரும்?

கடலோர மணலிலும் சுக்கான்பாறையிலும் நன்னீர், எடை கூடிய உப்புநீரின் மேல் ஒரு மெத்தைபோல் மிதக்கிறது. எடை வேறுபாட்டின்படி, கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பதடி வரை நன்னீர் இருக்கும். இதன் மறுபக்கம்தான் அச்சம் தருவது: வறட்சியிலும் இறைப்பிலும் மேலே ஓரடி குறைந்தால், காலப்போக்கில் கீழே உப்புநீரின் எல்லை நாற்பதடி ஏறிவிடலாம். கடல் நடந்து வருவதில்லை. நாம் மேல் பாரத்தை எடுத்ததால் அது எழுந்து வருகிறது.

திருச்செந்தூர்க் கடற்கரை நாழிக்கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பெரிய கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. அதற்குள்ளேயே இருக்கும் ஓரடிச் சதுரச் சிறு கிணற்றில் நல்ல தண்ணீர். அதைத் தெய்வ அருள் என்று வணங்குவோரோடு எனக்கு வழக்கில்லை. நன்னீர் எவ்வளவு மெல்லிய அடுக்காக உப்புநீரின் மேல் நிற்கக்கூடும் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு இந்தக் கரையில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எனவே கடலோரத்தில் ஆழமாக ஒரே இடத்தில் வேகமாக இறைப்பது, கரைக்கு அருகில் உப்பைக் கூம்பாக மேலிழுக்கும். மேலாக, அகலமாக, பல இடங்களில், சிறிது சிறிதாக எடுப்பதே அங்கே ஏற்ற முறை. ஒருமுறை உப்பேறிய அடுக்கு ஒரு மழைக்காலத்தில் கழுவிப் போகாது. பல ஆண்டுகள் எடுக்கும்.

ஆழ்துளைத் தண்ணீர் குடிக்க இனிப்பாகவே இருக்கிறது. அதில் ஃபுளோரைடு இருக்க முடியுமா?

இருக்கலாம், சுவையை நம்பவே கூடாது. ஃபுளோரைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. பயோடைட், ஹார்ன்பிளெண்டு, அபடைட் போன்ற தாதுக்கள் உள்ள பாறைகளில் நீர் நெடுங்காலம் நிற்கும்போது அது கரைகிறது. கால்சியம் மிகுந்த நீரில் ஃபுளோரைடு கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடுவதால், கால்சியம் குறைந்து சோடியம் மிகுந்த, நன்றாக நுரைக்கும் மென்னீரில்தான் அது தங்கி நிற்கும் வாய்ப்பு அதிகம். சோப்பு நுரைக்கிறது, பருப்பு வேகிறது என்று பாராட்டப்படும் தண்ணீரே பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையை உண்டாக்கக்கூடும். குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு நீர் இல்லாத நிலையில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிப் பல்லாண்டு குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். வறட்சியில் மேல் கிணறு வற்றி ஆழ்துளைக்கு மாறிய வீடுகள் கட்டாயம் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

பஞ்சம் முடிந்து முதல் மழை பெய்ததும் கிணற்றுத் தண்ணீர் சுத்தமாகிவிடும் அல்லவா?

பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். வறட்சிக் காலம் முழுவதும் உரம், சாணம், கழிப்பறைத் தொட்டிக் கசிவு ஆகியவற்றின் நைட்ரேட் கழுவப்படாமல் மேல்மண்ணில் தேங்கியிருக்கும். காய்ந்து வெடித்த நிலம் வழியே முதல் பெருமழை அதை ஒரேயடியாகக் கிணற்றுக்குள் தள்ளும். அதோடு கிருமிகளும் இறங்கும். நைட்ரேட்டுக்கான வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். இதில் தளர்வு கிடையாது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை நைட்ரேட் குறைத்துவிடும் என்பதால், சந்தேகமுள்ள கிணற்றுத் தண்ணீரில் பால்பொடி கரைக்கவே கூடாது.

கிருமிக்கு பிளீச்சிங் பவுடர் போதும். ஆயிரம் லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிராம் நல்ல தூள் என்பது வழக்கமான அளவு. இரண்டு மீட்டர் விட்டமும் மூன்று மீட்டர் நீரும் உள்ள உறைகிணற்றில் ஏறத்தாழ 9,400 லிட்டர் இருக்கும். அதற்கு 24 கிராம். வாளியில் கரைத்துத் தெளிநீரை மட்டும் ஊற்றிக் கலக்கி, குறைந்தது அரைமணி நேரம் கழித்து எடுக்கலாம். நைட்ரேட்டுக்கு இது மருந்தல்ல.

கொதிக்க வைத்தால் எல்லாம் போய்விடுமா?

கிருமி போகும். உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் எதுவும் போகாது. நீர் ஆவியாவதால் இவை சற்றுக் கூடவே செய்யும்.

கடையில் வாங்கிய டிடிஎஸ் மீட்டர் 450 காட்டுகிறது. அப்படியானால் நல்ல தண்ணீர்தானே?

டிடிஎஸ் என்பது கரைந்துள்ள மொத்த உப்பு; அது லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லையெனில் 2,000 வரை பொறுக்கத்தக்கது. மீட்டர் சொல்வது அந்த மொத்தம் ஒன்றைத்தான். ஃபுளோரைடு மூன்று மில்லிகிராம் இருந்தாலும், நைட்ரேட் நூறு இருந்தாலும், கிருமி கோடி இருந்தாலும் அது 450 என்றே காட்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். மாதிரி எடுக்கும் முன் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் கேனை மூன்று முறை அலசி நிரப்ப வேண்டும். கிருமிச் சோதனைக்குக் கிருமி நீக்கிய தனிப் புட்டி தேவை. ஆண்டுக்கு ஒருமுறைதான் முடியுமென்றால் வைகாசியில் எடுங்கள். தண்ணீர் தன் மோசமான முகத்தைக் காட்டும் மாதம் அது.

ஆர்ஓ இயந்திரம் உப்பையும் ஃபுளோரைடையும் நீக்கும் என்பது உண்மை. ஆனால் நல்லதாக்கிய அளவுக்கு மேலேயே உப்புச்செறிந்த கழிவுநீரை வெளியே தள்ளும் வீட்டு இயந்திரங்கள் நிறைய. பஞ்ச காலத்தில் அதைக் கிணற்றடியில் கொட்டினால் அந்த உப்பு திரும்பவும் கிணற்றுக்கே போகும். பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டுக்கு ஆற்றுக் குடிநீர் வருகிறது. வறட்சி எங்களைத் தொடுமா?

தொடும். கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் பலவற்றிற்கு நீர் எடுப்பது தாமிரபரணிப் படுகையில் இறக்கிய உறைகிணறுகளிலிருந்து. ஆற்றுமணல்தான் அங்கே இயற்கை வடிகட்டி. ஓட்டம் குறையும் மாதங்களில் கரையோர ஊர்களின் சாக்கடை, நீர்த்துப்போக வழியின்றி அப்படியே படுகையில் தேங்குகிறது. மணல் அள்ளி வடிகட்டியே மெலிந்த இடங்களில் உறைகிணற்றுக்குள் போவது ஏறக்குறைய மேல்நீரே. ஆகவே கோடையில் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது ஆற்றங்கரை வீட்டுக்காரர்களுக்கும் பொருந்தும்.

2023 டிசம்பரில் ஊரே மூழ்கியது. அவ்வளவு வெள்ளத்துக்குப் பிறகும் கிணறு ஏன் மறுபடி வற்றுகிறது?

அந்த டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஆனால் பூமி குடிக்கும் வேகத்துக்கு எல்லை உண்டு. அதற்கு மேல் பெய்தது கடலுக்குத்தான் ஓடும். நூறு நாள் நின்று கசியும் தண்ணீரே கிணற்றை நிரப்பும், இரண்டு நாள் பாயும் வெள்ளமன்று. அப்படி நிறுத்திவைக்கும் இடத்துக்கு நம் ஊரில் குளம் என்று பெயர்.

இந்தச் சீமையின் குளங்களைக் கட்டியவர்கள் ஒன்றின் உபரிநீர் வழியும் மறுகால் அடுத்ததற்கு வரத்தாகும்படி கோத்திருக்கிறார்கள். மடை வயலுக்கு, கசிவு கிணற்றுக்கு. குளத்தில் வண்டல் ஏறி, வரத்துக்காலில் உடைமரம் மண்டி, மறுகாலை மறித்துக் கட்டடம் எழுந்தபின், நிரம்பிய குளமும் மாசிக்குள் வற்றிவிடுகிறது. நல்ல தண்ணீருக்குக் குளத்தங்கரையிலேயே கிணறு தோண்டியதும் தற்செயலன்று: குளத்து மணலில் வடிகட்டி இறங்கும் புதுநீர், உப்பேறிய பழைய நீரைத் தள்ளிக்கொண்டே இருந்தது. ஊர் முழுக்க உவர்ப்பாக இருக்க அந்த ஒரு கிணறு மட்டும் இனித்ததன் இரகசியம் அதுதான். குளம் நிற்காத ஆண்டில் அந்தக் கிணறும் மாறும்.

வெள்ளநீரை வறண்ட பகுதிக்குத் திருப்ப, கன்னடியன் அணைக்கட்டிலிருந்து எம்.எல்.தேரி வரை சுமார் 75 கிலோமீட்டர் வெள்ளநீர்க் கால்வாய் வெட்டித் தாமிரபரணியைக் கருமேனியாறு, நம்பியாறுகளோடு இணைத்திருக்கிறார்கள். தேரி மணல் நீரை உள்வாங்குவதில் வல்லது. கால்வாயின் தண்ணீர் அதுவரை போய்ச் சேரும் ஆண்டுகளில் சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்து உவர்ப்பு தணிய வழியுண்டு.

திசையன்விளை அருகே ஆயன்குளம் கிணறு எவ்வளவு வெள்ளம் விட்டாலும் நிரம்பவில்லை என்றார்களே, அதுபோல எல்லாக் கிணற்றிலும் விடலாமா?

2021 மழையில் அந்தக் கிணறு வாரக்கணக்கில் வெள்ளத்தை விழுங்கியது உண்மை. சென்னை ஐஐடி குழுவினர் வந்து ஆராய்ந்து, நிலத்தடிச் சுண்ணாம்புப் பாறையில் நீர் அரித்த குகைபோன்ற வழிகள் இருப்பதைக் காரணமாகச் சொன்னார்கள். நாங்குநேரியின் கெட்டிப் பாறைக் கிணற்றில் அதே வெள்ளத்தை விட்டால் ஒரு மணிநேரத்தில் நிரம்பிவிடும்.

வேறொரு தயக்கமும் உண்டு. தெருவெள்ளத்தை நேராகக் கிணற்றிலோ வற்றிய போரிலோ விடுவது, சாக்கடையை ஊற்றுக்குள் ஊற்றுவதற்கு ஒப்பு. மண் வடிகட்டும் வேலையை நாம் தாண்டிவிடுகிறோம். சுண்ணாம்புக் குகை வழிகளில் வடிகட்டலே கிடையாது என்பதால் அங்கே இன்னும் எச்சரிக்கை வேண்டும். கூரைநீர் அப்படியன்று. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை 930 லிட்டர். ஓராண்டில் 50 சென்டிமீட்டர் பெய்து ஐந்தில் நாலு பங்கைப் பிடித்தாலும் சுமார் 37,000 லிட்டர். முதல் மழையை வெளியே விட்டு, மீதியைச் சரளும் மணலும் இட்ட தொட்டி வழியாகக் கிணற்றில் இறக்கலாம். 2003இல் வீடுதோறும் கட்டாயமாக்கி வைத்த குழாய்களில் எத்தனை இன்று தொட்டியைத் தொடுகின்றன என்று மொட்டைமாடி ஏறிப் பார்ப்பது, ஐப்பசி பிறக்கும் முன் செய்யத்தக்க வேலை.

எங்கள் கிணறு தேய்கிறதா, தேறுகிறதா என்று நாங்களே எப்படித் தெரிந்துகொள்வது?

மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என நான்கு முறை அளக்கிறது. அதே மாதங்களில் நீங்களும் அளக்கலாம். கயிற்றில் கல் கட்டி, முந்தின இரவு மோட்டார் ஓடாமலிருந்த அதிகாலையில், கைப்பிடிச் சுவரின் ஒரே இடத்திலிருந்து நீர்மட்டம் வரை அளவெடுங்கள். கல் நனைந்த இடம் வரை அடியாக எண்ணி, தேதியோடு கிணற்றுச் சுவரிலேயே எழுதிவையுங்கள். மோட்டார் எத்தனை மணிநேரத்தில் காற்று வாங்குகிறது, பிறகு எத்தனை மணியில் ஊறுகிறது என்பதும் குறிக்கத்தக்கது.

ஜனவரி அளவுகளை ஜனவரியோடும் மே அளவுகளை மேயோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும். மே மாதம் மட்டும் ஆழமாகி ஜனவரியில் பழைய இடத்துக்கே திரும்பினால் அது அந்த ஆண்டின் கோடை. நல்ல மழை பெய்த ஆண்டின் ஜனவரி அளவும் முந்தியதைவிடக் கீழே நின்றால், இறைப்பு வரவை மிஞ்சிவிட்டது என்று பொருள். அந்த ஆண்டில் போர் லாரிக்குச் சொல்லி அனுப்பும் முன், அந்தக் கிணற்றுத் தண்ணீரில் வாழை வைக்கலாமா, முருங்கை வைக்கலாமா என்று முடிவெடுக்கலாம்.